போட்டிக்கான கைத்துப்பாக்கியும் ரெட் டாட்டும்: தேர்ந்தெடுப்பது எப்படி, படிப்படியாக

இலக்குச் சுடும் போட்டிகளில் ஆர்வம் வந்தவுடன் எல்லோரும் கேட்பது, "எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?" என்றுதான். அதற்குப் பதில் சொல்ல முடியாது. எந்தப் போட்டியில், எந்தப் பிரிவில் இறங்கப் போகிறீர்கள் என்பது முடிவான பிறகே துப்பாக்கிப் பேச்சை எடுக்க முடியும். ஒரு களத்தில் முதலிடம் பிடிக்கும் பிஸ்டலை இன்னொரு களத்தில் சோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒலிம்பிக்கில் நடக்கும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள். எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது. ட்ரிகர் 500 கிராமுக்குக் குறையாத அழுத்தம் கேட்க வேண்டும். 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் முழுத் துப்பாக்கியும் அடங்க வேண்டும். திறந்த சைட் (முன்னும் பின்னும் உள்ள குறிமுனைகள்) மட்டும்தான். ஆப்டிக் (கண்ணாடி வழியே குறிபார்க்கும் கருவி) எதற்கும் இடமில்லை. சிவப்புப் புள்ளியால் குறிகாட்டும் ரெட் டாட் ஆப்டிக்கோடு அங்கே போய் நின்றால் பயனில்லை.

ஆகவே இந்த வழிகாட்டி போகும் வரிசை இது: போட்டி, விதிப்புத்தகம், கை, துப்பாக்கி, ஸ்லைடில் (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தில்) ஆப்டிக் உட்காரும் வெட்டு, கடைசியாக ஆப்டிக். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆப்டிக்கை ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, அதற்குப் பொருந்தும் துப்பாக்கியைத் தேடி அலைகிறார்கள்.

படி 1: போட்டியைத் தீர்மானியுங்கள்

ஆப்டிக் அனுமதிக்கும் பொழுதுபோக்குப் போட்டிகளில் மூன்று வகை முக்கியமானவை.

முதலாவது அமெரிக்கப் பாணி புல்ஸ்ஐ. ஒரு கையால், நின்ற இடத்திலிருந்து, 25, 50 கெஜ தூரங்களில் சுடுவது. நிதானம்தான் இங்கே எல்லாம். இலக்கின் 10 வளையம் சுமார் 8.5 செ.மீ. விட்டம். ஒரு கையால் 50 கெஜத்தில் அதைத் தொடர்ந்து தொட்டுக்கொண்டிருப்பது சாதாரண வேலையில்லை.

இரண்டாவது ஸ்டீல் சாலஞ்ச். 1981-இல் தொடங்கியது. எட்டு நிலையான ஸ்டேஜ்கள் (சுடும் சுற்றுகள்), ஒவ்வொன்றிலும் ஐந்து இரும்புத் தட்டுகள். கடைசியாக 'ஸ்டாப்' தட்டை அடிக்க வேண்டும். ஒரு ஸ்டேஜைத் திரும்பத் திரும்பச் சுடுவீர்கள். மோசமான ஓட்டம் ஒன்றைக் கழித்துவிட்டு மீதியின் நேரத்தைக் கூட்டுவார்கள். ஒரு ஸ்டேஜைத் தவிர வேறெங்கும் இடம் மாற வேண்டியதில்லை. மேகசினை (தோட்டாப் பெட்டியை) அவசரமாக மாற்ற வேண்டியதும் இல்லை. .22 (சிறிய தோட்டா) துப்பாக்கிக்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. அவற்றில் ஹோல்ஸ்டரே (இடுப்பு உறை) தேவைப்படாது. புதியவருக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது 'ப்ராக்டிகல்' வகை. உலக அளவில் ஐபிஎஸ்சி (1976), அமெரிக்காவில் யுஎஸ்பிஎஸ்ஏ. நகர்ந்து, குனிந்து, தடுப்புகளுக்கு இடையில் இலக்குகளைத் தேடிச் சுட வேண்டும். எடுத்த புள்ளிகளை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்தால் வருவது 'ஹிட் ஃபேக்டர்'. 12 நொடியில் 60 புள்ளி எடுத்தவருக்கு 5.0, 10 நொடியில் 57 எடுத்தவருக்கு 5.7. மூன்று புள்ளியை விட்டவர்தான் ஜெயிக்கிறார். இந்தக் கணக்கு மண்டையில் ஏறிவிட்டால், ஏன் எல்லோரும் ரெட் டாட்டுக்கு மாறினார்கள் என்பதும் புரிந்துவிடும்: தூரத்து இலக்கில் குறி உறுதியாகும் நேரத்தை அது குறைக்கிறது. ஐடிபிஏ என்ற இன்னொரு வகையும் 1996-இலிருந்து நடக்கிறது. அதன் விதிகள் அன்றாடம் மறைத்து எடுத்துச்செல்லும் துப்பாக்கிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

வாங்குவதற்கு முன் ஒரு போட்டியை முழுதாகப் பார்த்துவிடுங்கள். கண்பாதுகாப்பும் காதுப்பாதுகாப்பும் பார்வையாளருக்கும் கட்டாயம்.

படி 2: பிரிவும் சட்டமும்

ஆப்டிக் வைத்த துப்பாக்கிக்கு ஐபிஎஸ்சியில் 'ப்ரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ்', யுஎஸ்பிஎஸ்ஏவில் 'கேரி ஆப்டிக்ஸ்', 'லிமிடெட் ஆப்டிக்ஸ்', இரண்டிலும் 'ஓப்பன்' என்ற பிரிவுகள் இருக்கின்றன. ப்ரொடக்‌ஷன் ஆப்டிக்ஸிலும் கேரி ஆப்டிக்ஸிலும் அங்கீகரித்த பட்டியலில் உள்ள மாடல்களைத்தான் பயன்படுத்தலாம். சிங்கிள் ஆக்‌ஷன் மட்டுமே உள்ள துப்பாக்கி, அதாவது ஹேமரை (சுத்தியை) முன்பே பின்னிழுத்து வைத்தால்தான் சுடும் வகை, செல்லாது. 2023-இல் வந்த லிமிடெட் ஆப்டிக்ஸ் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. ஓப்பனில் காம்பன்சேட்டர் (அதிர்வைக் குறைக்கக் குழல்முனையில் வைக்கும் பாகம்), துப்பாக்கியின் உடற்சட்டத்தில் பொருத்திய ஆப்டிக், நீளமான மேகசின் என்று எல்லாம் உண்டு. பராமரிப்பும் அதற்கேற்ப அதிகம். முதல் துப்பாக்கியாக ஓப்பன் வேண்டாம்.

'பவர் ஃபேக்டர்' என்ற கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். குண்டின் எடையை (கிரெய்னில்) வேகத்தால் (நொடிக்கு அடியில்) பெருக்கி 1000-ஆல் வகுக்க வேண்டும். 124 கிரெய்ன் குண்டு 1100 அடி வேகத்தில் போனால் 136.4. 'மைனர்' என்ற வகைக்குக் குறைந்தபட்சம் 125 போதும், ஆகவே கடையில் கிடைக்கும் சாதாரண 9 மி.மீ. தோட்டா பெரும்பாலும் தாண்டிவிடும். ஓப்பனைத் தவிர மேலே சொன்ன ஆப்டிக்ஸ் பிரிவுகளில் எல்லோருக்கும் மைனர் கணக்குதான் என்பதால் வலுவான தோட்டாவைத் தேடிப்போவதில் ஒரு பயனும் இல்லை. அதிர்வுதான் மிச்சம்.

எந்த நாட்டில் இருந்தாலும் உரிமம், சேமிப்பு, எடுத்துச்செல்லுதல் ஆகியவற்றின் விதிகள் முதலில் வரும். சில நாடுகளில் குறிப்பிட்ட காலிபர்கள் (தோட்டா அளவுகள்) தடை, சில இடங்களில் கிளப் துப்பாக்கியை ரேஞ்சிலேயே சுட மட்டும் அனுமதி. விதிப்புத்தகத்தின் இந்த ஆண்டுப் பதிப்பையே படியுங்கள். எடை வரம்பும் மேகசின் வரம்பும் அவ்வப்போது மாறும்.

படி 3: .22-ஆ, 9 மி.மீ.-ஆ?

ஸ்டீல் சாலஞ்ச், புல்ஸ்ஐ ஆகியவற்றோடு நின்றுவிடுவதாக இருந்தால் .22 எல்ஆர் போதும். அதிர்வு மிகக் குறைவு, தோட்டா மலிவு, ஒரே நாளில் நிறையச் சுடலாம். ரூகர் மார்க் 4, ப்ரௌனிங் பக் மார்க், ஸ்மித் அண்ட் வெஸன் விக்டரி போன்றவை இந்த வட்டத்தில் பழகிய பெயர்கள். முந்தைய ரூகர்களைப் பிரித்து மாட்டுவது தனிக்கலை. 2016-இல் வந்த மார்க் 4-இல் பின்னால் ஒரு பொத்தானை அழுத்தினால் மேல்பாகம் கழன்று வந்துவிடும்.

.22-இன் பலவீனம் தோட்டாவில் இருக்கிறது. பற்றவைக்கும் மருந்து விளிம்பைச் சுற்றி இருப்பதால் அவ்வப்போது ஒன்று வெடிக்காமல் போகும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பிடித்த தோட்டா ஒன்று இருக்கும், அதைச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான்கைந்து வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, அடக்கமான குழுவையும் (குண்டுகள் நெருங்கி விழும் திரளையும்) தடையில்லாத ஓட்டத்தையும் எது தருகிறது என்று பாருங்கள்.

ப்ராக்டிகல் போட்டிக்கு .22 செல்லாது, அங்கே 9 × 19 மி.மீ.தான் வழக்கம். ஒரே துப்பாக்கிதான் வாங்க முடியும் என்றால் 9 மி.மீ. வாங்குங்கள். அதை ஸ்டீலுக்கும் கொண்டுபோகலாம்.

படி 4: கை சொல்லட்டும்

இந்தப் படியில் அவசரமே கூடாது. செருப்பு மாதிரிதான் இது: அளவு சேராததை எவ்வளவு பெரிய பெயர் போட்டு விற்றாலும் நடக்க முடியாது.

முதலில் மேகசினை வெளியே எடுத்து, ஸ்லைடை இழுத்துப் பிடித்து, அறை (தோட்டா உட்காரும் இடம்) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். பாதுகாப்பான திசை எது என்று கடைக்காரரிடம் கேட்டு, அந்தப் பக்கம் மட்டும் நீட்டுங்கள். பிறகு இவற்றைப் பாருங்கள்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை, பிடியின் உச்சி வளைவுக்குள் முழுதாக ஏற வேண்டும். அப்படிப் பிடித்தபோது குழல் முன்கையின் நேர்கோட்டில் இருக்க வேண்டும். ட்ரிகரை எட்ட மணிக்கட்டைத் திருப்ப வேண்டியிருந்தால் பிடி உங்களுக்குப் பெரிது. விரல் நுனிச்சதையின் நடுப்பகுதி ட்ரிகரில் உட்கார வேண்டும். நுனி மட்டும் எட்டினால் குண்டு ஒருபுறம் இழுக்கும், மூட்டு வரை நுழைந்தால் மறுபுறம். பிடியின் பின்பட்டையை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள மாடல்களில் எல்லா அளவையும் போட்டுப் பாருங்கள்.

துணைக்கையின் உள்ளங்கைக்குப் பிடியில் இடம் இருக்கிறதா? இதைப் பலர் பார்ப்பதே இல்லை. அதிர்வை அடக்குவதில் பெரும்பங்கு அந்தக் கையினுடையது. மேகசின் பொத்தானைப் பிடியை அதிகம் குலைக்காமல் எட்ட முடிகிறதா? இடதுகைக்காரர் என்றால் பொத்தானை மறுபக்கம் மாற்ற முடியுமா, சேஃப்டி இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பிறகு முக்கியமான சோதனை. முடிந்தால் ஆப்டிக் பொருத்திய காலித் துப்பாக்கியில் செய்யுங்கள். எதிரே ஒரு புள்ளியைப் பாருங்கள், கண்ணை மூடுங்கள், இயல்பாகத் துப்பாக்கியை அங்கே நீட்டுங்கள், கண்ணைத் திறங்கள். கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி இருக்கிறதா? ஒவ்வொரு முறையும் அது மேலே ஒளிந்துகொண்டால் அந்தப் பிடியின் சாய்வு உங்கள் மணிக்கட்டோடு ஒத்துப்போகவில்லை. பயிற்சியால் சரிசெய்யலாம்தான். ஆனால் ஒத்துப்போகும் துப்பாக்கி பக்கத்து அலமாரியிலேயே இருக்கும்போது ஏன் அந்தப் பாடு?

படி 5: எடையும் ட்ரிகரும்

நாள் முழுக்க இடுப்பில் சுமக்கும் துப்பாக்கிக்குக் குறைந்த எடை நல்லது. போட்டித் துப்பாக்கி அப்படியில்லை; எடை கூடினால் அதிர்வு குறையும், புள்ளி சீக்கிரம் இடத்துக்குத் திரும்பும். பாலிமர் சட்டம் கொண்ட க்ளாக் 34, வால்தர் பிடிபி, ஸ்மித் அண்ட் வெஸன் எம்&பி போன்றவை கைக்கு இலகு. முழு எஃகில் வரும் சிஇசட் ஷேடோ 2 சுமார் 1330 கிராம். முதலில் கனமாகத்தான் தோன்றும், வேகமாகச் சுடத் தொடங்கியதும் அந்தக் கனம் ஏன் என்று கை புரிந்துகொள்ளும். ஒரு கையால் சுடும் புல்ஸ்ஐயில் மட்டும் இதைக் கொஞ்சம் யோசியுங்கள், ஒன்றரைக் கிலோவை நீட்டிய கையில் நிலையாகப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ட்ரிகரில் மூன்று வகை. ஸ்ட்ரைக்கர் வகையில் (ஹேமர் இல்லாமல் உள்ளே இருக்கும் ஊசியே தோட்டாவை அடிக்கும்) முதல் சுடுதலும் கடைசிச் சுடுதலும் ஒரே மாதிரி இருக்கும், கற்க எளிது. டபுள்/சிங்கிள் வகையில் (ஷேடோ 2, பெரெட்டா 92 குடும்பம்) முதல் இழுப்பு நீளமும் கனமும்; அடுத்தவை குட்டையும் மென்மையும். அங்கீகரித்த பட்டியல் உள்ள பிரிவுகளில் ஹேமரைக் கீழே இறக்கி வைத்துத்தான் தொடங்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு ஸ்டேஜின் முதல் குண்டும் அந்த நீள இழுப்பில்தான் போகும். சிங்கிள் ஆக்‌ஷனில், அதாவது 1911, அதிலிருந்து கிளைத்த 2011 வகைகளில், ட்ரிகர் அருமை. பிரிவு அனுமதிக்க வேண்டும், கட்டைவிரல் சேஃப்டியும் கைக்குப் பழக வேண்டும்.

என்னைக் கேட்டால், புதியவர் ஸ்ட்ரைக்கரில் தொடங்கலாம். நிறையப் பயிற்சிக்கு நேரம் இருக்கிறவர் ஷேடோ 2 போன்றதற்கு நேராகவே போகலாம். ட்ரிகரை வீட்டில் ராவி மென்மையாக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பிடிப்பு தேய்ந்த துப்பாக்கி ஒரே இழுப்பில் இரண்டு குண்டு விடக்கூடும்.

வாங்குவதற்கு முன் மேகசின் கிடைக்குமா, விலை என்ன என்றும் பாருங்கள். ப்ராக்டிகலுக்கு நான்கைந்து தேவைப்படும், அவற்றின் ஸ்பிரிங்குகள் தேயும்.

படி 6: ஸ்லைடில் உள்ள வெட்டு

ரெட் டாட் உட்காரும் குழிக்கும் திருகுகளின் அமைப்புக்கும் பொதுத்தரம் ஒன்று கிடையாது. ட்ரிஜிகான் ஆர்எம்ஆர் அமைப்பு, லியுபோல்ட் டெல்டாபாயிண்ட் ப்ரோ அமைப்பு, டாக்டர் (Docter) என்ற பெயருள்ள அமைப்பு, சின்னத் துப்பாக்கிகளுக்கான ஷீல்ட் அமைப்பு, மூடிய பெட்டி போன்ற எய்ம்பாயிண்ட் ஆக்ரோ அமைப்பு என்று பல. ஹோலோசன் 507 காம்ப் ஆர்எம்ஆர் வழியைப் பின்பற்றுகிறது, வோர்டெக்ஸ் வெனம் டாக்டர் வழியை. ஆகவே துப்பாக்கியை வாங்கும் நாளிலேயே, அதன் வெட்டு எந்தக் குடும்பத்தை ஏற்கும் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அமைப்புக்கென்றே நேராக வெட்டிய ஸ்லைடு சிறந்தது. ஆப்டிக் தாழ்வாக உட்காரும், தளரும் இணைப்பும் ஒன்றுதான். இடைத்தட்டு வைத்துப் பொருத்தும் வகை வசதியானது. பின்னால் ஆப்டிக்கை மாற்றினால் தட்டை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் திருகுகள் இரண்டு அடுக்கு ஆகிவிடும், தளர்வதற்கு இரண்டு இடங்கள். திருகின் நீளத்திலும் கவனம் வேண்டும். நீளம் அதிகமான திருகு சில ஸ்லைடுகளில் எக்ஸ்ட்ராக்டர் (காலிக்கூட்டை இழுத்து எடுக்கும் கொக்கி) இருக்கும் துளைக்குள் முட்டிவிடும். காலிக்கூடு வெளியேறாமல் சிக்கத் தொடங்கும், காரணம் தெரியாமல் மண்டையைப் பிய்த்துக்கொள்வீர்கள். தட்டோடு வந்த திருகையே போடுங்கள்.

படி 7: ஆப்டிக்

ரெட் டாட் வேலை செய்யும் விதம் எளிது. பின்பக்கம் ஒரு சின்ன எல்இடி வளைந்த கண்ணாடியை நோக்கி ஒளி வீசுகிறது. பூச்சிட்ட கண்ணாடி அதைக் கண்ணுக்கு இணைகதிராகத் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் புள்ளி தூரத்தில் இலக்கின் மேலேயே ஒட்டியிருப்பதுபோலத் தெரிகிறது, கண்ணை முன்சைட்டில் குவிக்கத் தேவையில்லாமல் போகிறது. வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இது பெரிய வரம்.

புள்ளியின் அளவை எம்ஓஏவில் (ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கான கோண அளவு) சொல்வார்கள். 25 மீட்டரில் 1 எம்ஓஏ சுமார் 7 மி.மீ. ஆகவே 3 எம்ஓஏ புள்ளி அங்கே 22 மி.மீ.யை மறைக்கும், 6 எம்ஓஏ 44 மி.மீ.யை. யுஎஸ்பிஎஸ்ஏ இலக்கின் ஏ பகுதி (முழுப் புள்ளி தரும் நடுப்பகுதி) சுமார் 15 செ.மீ. அகலம் என்பதால் 6 எம்ஓஏ கூட அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான். வேகப் போட்டிகளுக்கு 5 முதல் 8 வரையிலான பெரிய புள்ளி கண்ணில் சட்டென்று படும். புல்ஸ்ஐக்கு 2 அல்லது 3 போதும். சின்னப் புள்ளிதான் துல்லியம் என்ற நம்பிக்கையில் வேகப் போட்டிக்கு 1 எம்ஓஏ வாங்கியவர்கள், வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டி அதைக் கதிர் பறக்கும் நட்சத்திரமாக்கிவிடுகிறார்கள்.

அதைவிட முக்கியம் கண்ணாடியின் அளவு. ட்ரிஜிகான் எஸ்ஆர்ஓ, ஹோலோசன் 507 காம்ப், சி-மோர் ஆர்டிஎஸ்2 போன்றவை போட்டிக்காரர்களிடம் அதிகம் தென்படக் காரணம் அகலமான கண்ணாடிதான். அதிர்வில் துப்பாக்கி எகிறும்போது புள்ளி கண்ணாடிக்குள்ளேயே இருந்தால், அது எங்கே போய் எப்படித் திரும்புகிறது என்று தொடர்ந்து பார்க்க முடியும். சின்னக் கண்ணாடியில் காணாமல் போய் மறுபடி வரும்.

திறந்த வகையில் எல்இடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மூடாத திறந்த வெளி. மழைத்துளியோ புழுதியோ எல்இடி மேல் விழுந்தால் புள்ளி சிதறும். ஆக்ரோ போன்ற மூடிய வகைக்கு அந்தத் தொல்லை இல்லை, கண்ணாடி மட்டும் சின்னது. கூரைக்குக் கீழே சுடுகிறவருக்குத் திறந்ததே போதும்.

பேட்டரி மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ மாற்றும்படி இருக்கட்டும். அடியில் பேட்டரி உள்ளவற்றில் ஒவ்வொரு முறையும் ஆப்டிக்கைக் கழற்றி, குறியை மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும். ஒளியை நீங்களே கூட்டிக் குறைக்கும் வசதியும் அவசியம். தானியங்கி மட்டும் இருந்தால், நீங்கள் நிழலிலும் இலக்கு வெயிலிலும் இருக்கும் ஸ்டேஜில் புள்ளி மங்கி மறைந்துவிடும். ஆப்டிக் அளப்பது அது இருக்கும் இடத்து வெளிச்சத்தை.

புள்ளி வட்டமாக இல்லாமல் வால் நட்சத்திரமாகவோ இரண்டாகவோ தெரிகிறதா? பழுது என்று கடையில் சண்டை போடுவதற்கு முன் கைப்பேசியால் கண்ணாடிக்குள் படம் எடுங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் கோளாறு உங்கள் கண்ணில், பெரும்பாலும் அஸ்டிக்மேட்டிசம். சரியான மூக்குக்கண்ணாடி உதவும். பச்சைப் புள்ளியோ வட்டக்குறியோ சிலருக்குத் தெளிவாக இருக்கும். வாங்கும் முன் பார்த்துவிடுங்கள்.

படி 8: பொருத்துதலும் குறி சரிசெய்தலும்

திருகையும் துளையையும் எண்ணெய் போக்கும் திரவத்தால் துடைத்து, நீலத் திருகுப்பசை ஒரு சொட்டு மட்டும் வைத்து, முறுக்குவிசை (டார்க்) அளவுகோல் உள்ள திருப்புளியால் முடுக்குங்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 12 முதல் 15 இன்ச்-பவுண்டுக்குள் கேட்பார்கள். உங்கள் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே விதி. திருகின் தலையிலிருந்து ஆப்டிக்கின் உடல் வரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகியிருந்தால் திருகு தளர்ந்திருக்கிறது.

குறியை முதலில் 10 மீட்டரில் தாங்கி வைத்து ஓரளவு கொண்டுவாருங்கள், பிறகு 20 அல்லது 25 மீட்டரில் முடியுங்கள். ஐந்து குண்டு சுட்டு, குழுவின் நடுவைப் பார்த்துத் திருப்புங்கள். ஒற்றைக் குண்டைப் பார்த்துத் திருப்பாதீர்கள். ஒரு க்ளிக் 1 எம்ஓஏ என்றால், 20 மீட்டரில் 3 செ.மீ. கீழே விழும் குழுவை ஏற்ற ஐந்து க்ளிக் போதும்.

ஆப்டிக் குழலுக்கு மேலே சுமார் 3 செ.மீ. உயரத்தில் இருப்பதால் மிக அருகில் குண்டு புள்ளிக்குக் கீழே விழும். 20 மீட்டரில் குறிவைத்த துப்பாக்கி 3 மீட்டரில் ஏறக்குறைய 2.5 செ.மீ. தாழ்த்திச் சுடும். சுடக் கூடாத இலக்கு பாதியை மறைத்து நிற்கும்போது இந்த 2.5 செ.மீ. பத்துப் புள்ளி அபராதமாகிவிடும்.

படி 9: புள்ளியோடு பழகுதல்

தோட்டா எதுவும் இல்லாத அறையில், காலித் துப்பாக்கியோடு தினமும் சிறிது நேரம் நீட்டிப் பழகுங்கள். (.22 என்றால், துப்பாக்கியின் அறை காலியாக இருக்கும்போது ட்ரிகரை இழுக்கலாமா என்று முதலில் கையேட்டைப் பாருங்கள். சிலவற்றில் ஊசி அறையின் விளிம்பில் மோதும்.) பார்வை இலக்கில் இருக்க வேண்டும், புள்ளி தானாக அங்கே வந்து சேர வேண்டும். புள்ளியைத் தேடும் பழக்கம் போகாவிட்டால் ஆப்டிக்கின் முன்பக்கக் கண்ணாடியில் டேப் ஒட்டிவிட்டு, இரண்டு கண்ணும் திறந்தபடி பழகுங்கள். ஒரு கண் புள்ளியைப் பார்க்கும், மறுகண் இலக்கைப் பார்க்கும், மூளை இரண்டையும் சேர்த்துவிடும்.

இரும்பு சைட்டில் தெரியாத நடுக்கமெல்லாம் டாட்டில் தெரியும். அது நிற்கும் கணத்துக்காகக் காத்திருந்து ட்ரிகரைச் சட்டென்று இழுப்பதுதான் புதியவர்களின் குண்டைக் கீழே தள்ளுகிறது. புள்ளி ஏ பகுதிக்குள் ஆடினால் ஆடட்டும், சீராக இழுங்கள்.

படி 10: மீதிப் பொருள்களும் முதல் போட்டியும்

ஹோல்ஸ்டர் ட்ரிகர் கூட்டை முழுதாக மூட வேண்டும், ஆப்டிக்குக்கு இடம் விட்டு வெட்டியிருக்க வேண்டும். வளையாத பெல்ட், மேகசின் உறைகள், கண்ணாடி, காதுமூடி, மாற்று பேட்டரி, ஆப்டிக்கின் ஆலன் சாவி. இவ்வளவு போதும்.

போட்டிக்குப் பதிவு செய்யும்போதே புதியவர் என்று சொல்லிவிடுங்கள். ரேஞ்ச் அதிகாரி சொல்லும்வரை துப்பாக்கியைத் தொடக் கூடாது. கையாள வேண்டியிருந்தால் அதற்கென்று ஒதுக்கிய பாதுகாப்புப் பகுதியில் மட்டும். அங்கே தோட்டாவைக் கையில் எடுத்தாலே வெளியேற்றம். 'லோட் அண்ட் மேக் ரெடி' என்றதும் நிரப்புவதற்கு முன் ஆப்டிக்கின் ஒளியை இலக்கின் வெளிச்சத்துக்கு ஏற்ப வையுங்கள். கூடாரத்தின் நிழலில் வைத்த அளவு வெயிலில் உதவாது. குழல் எப்போதும் சுடும் திசையில், நகரும்போது விரல் ட்ரிகருக்கு வெளியே. முதல் போட்டியில் யாரும் உங்கள் நேரத்தைப் பார்க்கப்போவதில்லை, உங்கள் குழலைத்தான் பார்ப்பார்கள்.

முடிவுப் பட்டியல் வந்ததும் உங்கள் வரிசை எண்ணை விட்டுவிட்டு ஸ்டேஜ் வாரியாகப் பாருங்கள். தூர இலக்குகளில் டி-க்களும் (குறைந்த புள்ளி தரும் ஓரப் பகுதி அடிகளும்) தவறிய குண்டுகளும் குவிந்திருந்தால் ரேஞ்சுக்குப் போய்க் குறியையும் ட்ரிகர் இழுப்பையும் சோதியுங்கள். புள்ளிகள் நன்றாக இருந்து நேரம் மட்டும் கூடியிருந்தால், அது பெரும்பாலும் மேகசின் மாற்றுவதிலும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவதிலும் கரைந்திருக்கும். துப்பாக்கி சிக்கியிருந்தால் எந்த மேகசின் என்று பார்த்து, அதன் அடியில் ஒரு எண் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதே எண் சிக்கினால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டியதுதான்.